விலையும் உலையும் – 7: அரைத் தேங்காயின் கணக்கு

கொடிகாமம் சந்தையில் தேங்காய் குவித்திருக்கும் பக்கத்தில் முன்பெல்லாம் பத்தாகவும் இருபதாகவும்தான் வேண்டிப் போவார்கள். காயைக் காதருகே வைத்துக் குலுக்கி, உள்ளே நீர் ஆடும் சத்தத்தைக் கேட்டு, உரப்பையில் போட்டுச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். 2025 தொடக்கத்தில் ஒரு காய் 200 ரூபாயைத் தாண்டிய நாட்களில் குலுக்கிப் பார்ப்பது முன்னையைவிடக் கவனமாக நடந்தது. உரப்பைதான் காணாமற்போனது. ஒன்று, மிஞ்சினால் இரண்டு. "பாதி தருவியளோ எண்டு கேக்கிற சனமும் வருகுது பிள்ளை. மற்றப் பாதியை நான் ஆருக்கு விக்கிறது?" என்று கேட்டார் அங்கே கடை பரப்பியிருந்த ஓர் அம்மா.

சென்ற வாரம் பருப்பைப் பற்றி எழுதியபோது, பருப்பு எட்டாவிட்டால் பயறு, அதுவும் எட்டாவிட்டால் முருங்கையிலை என்று ஒரு வழி சொல்ல முடிந்தது. தேங்காய்க்கு எங்கள் சமையலில் அப்படிப் பதிலாள் கிடையாது. காலையில் இடியப்பத்துக்குச் சம்பலும் சொதியும், மத்தியானம் கறிக்குப் பால், இரவில் பிட்டுக்குப் பூ. இலங்கையில் ஓர் ஆள் ஆண்டுக்கு நூறு காய்க்கு மேல் சாப்பிடுகிறார் என்பது பொதுவான மதிப்பீடு. ஐந்து பேர் உள்ள வீட்டில் சிக்கனமாக நாளுக்கு ஒரு காய் என்று வைத்தாலும், 200 ரூபாய்ப்படி மாதம் 6,000 ரூபாய். அஸ்வெசும திட்டத்தில் 'வறியவர்' என்று பதியப்பட்ட குடும்பத்துக்கு 2025 முதல் கிடைக்கும் மாதக் கொடுப்பனவு 10,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் தேங்காய்க்கே போய்விட்டால், அரிசிக்கு எங்கே போவது?

விலை ஏறியதற்குக் காரணம் பல. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. தடை எடுபட்ட பிறகும் உரம் வாங்க முடியாத விலையில் நின்றது. தென்னை நெல்லைப்போல அந்தப் போகத்திலேயே முகத்தைக் காட்டாது. பட்டினி போட்டால் காலம் தாழ்த்தித்தான் காய் குறையும். அதற்கு மேல் வெய்யில், யாழ்ப்பாணத்துத் தென்னைகளின் ஓலைகளில் கறுப்புப் படியவைக்கும் வெள்ளை ஈ. குரங்கும் தன் பங்கைப் பறித்துக்கொள்கிறது என்று சொல்லி, 2025 மார்ச் 15ஆம் தேதி காலை எட்டு மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கும் மர அணிலும் மயிலும் எண்ணினார்கள். எண்ணி முடித்ததால் காய் மலிந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி அரைத் தேங்காய்க்கு வருவோம். உரும்பிராய்ப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நாளுக்கு ஒரு காய் என்றிருந்தது பாதியாக வந்து நிற்கிறது. கணவர் மேசன் வேலை, மூன்று பிள்ளைகள். அந்த அக்கா அதை எப்படிச் சமாளிக்கிறார் என்று அடுக்களையில் இருந்து பார்த்தேன். உடைத்ததும் கண்ணுள்ள பாதிதான் முதலில். அது கெதியாய்ப் பழுதாகும். மற்றப் பாதியின் உட்பக்கம் உப்புத் தடவி மறுநாளைக்கு. துருவிய பூவில் ஒரு கைப்பிடியைச் சம்பலுக்கென்று பிழியாமல் எடுத்து வைக்கிறார். மீதியில் முதற்பால் பிழிந்து சிறிய கோப்பையில் மூடி வைக்கிறார். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு மூன்று தரம் கப்பிப்பால். மூன்றாவது தரத்தில் வருவது பால் நிறத்துத் தண்ணீர்தான். அதில் கத்தரிக்காய் அவிகிறது. கறியை இறக்குகிறபோது முதற்பாலில் ஒரு கரண்டி, சொதிக்கு ஒரு கரண்டி. பிழிந்த சக்கையையும் எறிவதில்லை. முருங்கையிலை வறைக்குள் போகிறது. வாயில் மரத்தூள்போல இருக்கும், ஆனால் வறை இரண்டு மடங்காகத் தெரியும். சம்பலுக்கு எடுத்த கைப்பிடிக்குள் வெங்காயத்தை வழமையைவிடக் கூடுதலாக வெட்டிப் போட்டு, தேசிக்காய் கொஞ்சம் தூக்கலாக விட்டால், பூ குறைந்தது பிள்ளைகளுக்குத் தெரியாதாம். "பெரியவனுக்குத் தெரியும். ஆனா சொல்லமாட்டான்" என்றார்.

இந்த வேலைக்கு முன்பு அரைமணி நேரம். இப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல். மாதத்துக்கு 3,000 ரூபாய் மிச்சம் என்று நான் கணக்குச் சொன்னேன். அந்த அரைமணிக்கு ஆர் காசு தாறது என்று அவர் கேட்கவில்லை. இந்த வாரம் எனக்கு எழுத வேண்டியிருப்பது அந்தக் கேள்வியைத்தான்.

அவரிடம் பழைய சீ.ஆர். கொப்பி ஒன்று இருக்கிறது. மகனின் பாடம் எழுதி மிஞ்சிய தாள்களில் 2021 நடுப்பகுதியிலிருந்து கடைச் செலவு எழுதி வந்திருக்கிறார். வரலாற்றாசிரியர்கள் இப்படிப்பட்ட கொப்பிகளைத் தேடித் திரிய வேண்டும். 400 கிராம் பால்மா 380 ரூபாயில் தொடங்குகிறது. ஒக்டோபரில் 480. ஆண்டு திரும்பும்போது 540. 2022 மார்ச்சில் 790. அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். அதற்குப் பிறகு பல பக்கங்களுக்குப் பால்மா என்ற சொல்லே இல்லை. எரிவாயு இன்னும் மோசம். 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாயாக இருந்தது 2021 ஒக்டோபரில் கட்டுப்பாட்டு விலை நீங்கியதும் 2,675, 2022 ஏப்ரலில் 4,860. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை என்பதை வரிசையில் நின்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடுப்பு வெடித்த செய்திகள் 2021 கடைசியில் நாள்தோறும் வந்தபோது, கிடைத்த சிலிண்டரைக் கூட வீட்டுக்கு வெளியே வைத்தவர்கள் உண்டு.

அதே மாதங்களில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது. 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அரசு அறிவித்தது. இவையெல்லாம் கொப்பியில் இல்லை. கொப்பியில் இருப்பது 'விறகு' என்ற புதுச் சொல்.

விறகுக்கு முதலில் காசு கொடுத்திருக்கிறார். பிறகு காசும் இல்லை. வளவில் விழுந்த கங்குமட்டை, பன்னாடை, பாளை, சிரட்டை, கிழங்கு பிடுங்கி மிஞ்சிய ஊமல். பால்தேத்தண்ணி வெறுந்தேத்தண்ணி ஆனது, சீனிக்குப் பதில் பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். தோசை நின்றது. உழுந்து இறக்குமதிக்கு அரசு 2020இலேயே பூட்டுப் போட்டிருந்தது. கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டியதும் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைத் தோசை கதையாகிப் போனது. மஞ்சளுக்கும் அதே கதிதான்: 2019 கடைசியில் தடை வந்து, அடுத்த ஆண்டில் கிலோ 5,000 ரூபாய்வரை விற்றது. பாக்கு நீரிணையில் தங்கம் கடத்திய வள்ளங்கள் மஞ்சள் கடத்தத் தொடங்கின. எங்கள் சமையலின் வாசனையைத் தீர்மானிக்கிற இரண்டு சாமான்களும் கொழும்பில் யாரோ ஒருவர் போட்ட கையெழுத்தில் காணாமற்போயின.

2022இல் இங்கே பலர் ஒரு பெருமை பேசினார்கள். கொழும்பில் பால்மாவுக்கு வரிசை நிற்கிறவர்களைப் படத்தில் பார்த்துவிட்டு, "நாங்கள் பாக்காத பஞ்சமோ?" என்றார்கள். நானும் அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். ஆனால் அதை இழுத்து வைத்துப் பார்த்தால் கால் தள்ளாடுகிறது. ஒவ்வொரு பஞ்சத்தையும் எதை வைத்துத் தாண்டினோம் என்று கேட்க வேண்டும்.

எழுபதுகளை எடுங்கள். சிறிமாவோ அரசு இறக்குமதிகளை இறுக்கியபோது பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை, அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு, மரவள்ளிக்கிழங்கு மூன்று நேரமும். அதே ஆண்டுகளில்தான் இந்தியாவிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராமல் நின்று, யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டக்காரர் கையில் காசு புரண்டது. செத்தல் மிளகாய் விற்ற காசில் கல்வீடு எழும்பியது, பெட்டைக்குச் சீதனம் சேர்ந்தது, பெடியன் பல்கலைக்கழகம் போனான். 1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தனா கதவைத் திறந்துவிட்டதும் அந்தக் காசு வற்றியது. விலைவாசி என்று சொல்லி ஒரே பக்கம் நின்று அழ முடியாத ஊர் இது. ஒருவருடைய சமையற் செலவு இன்னொருவருடைய பள்ளிக்கூடக் கட்டணம். இன்றும் திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகத்திலோ, தோட்டக்காரர் கொண்டுவந்த மரக்கறியில் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோவைக் 'கழிவு' என்று கழித்துவிட்டு எடுக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி எத்தனை கூட்டம் நடந்திருக்கிறது! வாங்குகிற நாங்கள் முழு விலை கொடுக்கிறோம், விளைவித்தவருக்கு முழு நிறைக்குக் காசு இல்லை. நுவரெலியாக் கரட் தம்புள்ளை வழியாக ஏ-9இல் ஏறி வருகிறது, எங்கள் பீற்றூட் அதே வீதியால் தம்புள்ளைக்குப் போகிறது. லொறிக்காரர் இரு பக்கமும் டீசலுக்குக் கணக்குப் போடுகிறார்.

எழுபதுகளின் அந்தப் பஞ்சத்தைத் தாண்டியது கூட்டுறவுச் சங்கக்கடையால். உலகப்போரில் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வராமல் நின்றபோது, 1942இல் தொடங்கியது கூப்பன் முறை. சங்கக்கடைகள் அதோடு ஊரூராய்ப் பெருகின. எவ்வளவு ஏழையானாலும் கூப்பன் புத்தகத்துக்கு இத்தனை கொத்து அரிசி என்பது ஒரு பிடிமானம். 1953இல் அந்த அரிசியைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தப்போய் ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்தது. 1979இல் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் எழுதியிருந்தது காசுப் பெறுமதி. விலை ஏறஏற அதன் பெறுமதி கரைந்தது. அரிசியை அரிசியாகவே தந்தபோது விலையேற்றம் அரசின் தலையில் விழுந்தது. காசாகத் தந்தபோது அது வீட்டின் தலைக்கு மாறியது. அஸ்வெசும வரைக்கும் இதுதான் கதை.

பிறகு 1990. ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டு, மின்சாரம் போய், பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், பற்றரி, பசளை, சீமெந்து, சவர்க்காரம் என்று நீண்ட பட்டியல். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து நாலைந்து கரண்டி மண்ணெண்ணெய் ஊற்றி, நூல் திரியில் எரிந்த விளக்கில் படித்து டொக்டரானவர்கள் இன்றைக்கு லண்டனில் இருக்கிறார்கள். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். காயப்போட்ட சட்டையை அந்த வாசத்துக்கு மாடு சப்பிய கதை எந்த வீட்டில் இல்லை? ஒடியல் மா, குரக்கன், பனாட்டு, வளவுக் கீரை எல்லாம் அப்போது கைகொடுத்தன. 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் ஏ-9 மூடப்பட்டபோதும், குடாநாட்டின் ஆறு இலட்சம் பேருக்கும் சாமான் கப்பலில்தான் என்றானது. மறுபடி குடும்ப அட்டையோடு சங்கக்கடை வாசலில் நின்றோம்.

அப்படித் தாண்டியதற்கு வளவு இருந்தது, பனை இருந்தது, பனையில் ஏற ஆள் இருந்தார், கிழங்கு பிளந்து காயப்போட வீட்டில் நாலு பெண்கள் இருந்தார்கள். இப்போது வளவு நான்கு பரப்பாகவும் இரண்டு பரப்பாகவும் துண்டுபட்டு, நடுவில் வீடு, சுற்றிச் சீமெந்துத் தரை. வலிகாமம் வடக்கில் 1990இல் கைவிட்டுப்போன செம்மண் தோட்டங்களில் ஒரு பகுதி இன்னும் உரியவர் கைக்கு வரவில்லை. பைக்கற்றில் அடைத்த ஒடியல் மா கோதுமை மாவைவிட விலை. அது பஞ்சத்து உணவு என்ற நிலை மாறி, ரொறன்ரோவுக்குப் போகும் பார்சலில் இடம்பிடித்துவிட்டது. கூழுக்குப் போடும் நண்டும் தொழிற்சாலைக்குப் போய் ஏற்றுமதியாகிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய்க்குப் போனபோது, குருநகரிலும் மயிலிட்டியிலும் வள்ளம் கட்டிக் கிடந்தது, தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மெசினும் கிடந்தது. 'எங்களுக்குப் பழக்கம்' என்று சொல்லி அந்த 340 ரூபாயைச் சமாளிக்க முடியவில்லை.

இந்தப் பெருமை மறைத்து வைத்திருக்கும் இன்னொரு விஷயம், பழக்கப்பட்டது யார் என்பது. உலக உணவுத் திட்டம் போன்ற அமைப்புகள் ஒரு வீட்டின் உணவு நெருக்கடியை அளக்கச் சின்னதாக ஒரு கேள்விக்கொத்து வைத்திருக்கின்றன. கடந்த ஏழு நாட்களில் எத்தனை நாள், விருப்பம் குறைந்த மலிவான உணவைச் சாப்பிட்டீர்கள்? எத்தனை நாள் உறவினர் அயலவரிடம் உணவு கடன் கேட்டீர்கள்? எத்தனை நாள் அளவைக் குறைத்தீர்கள்? எத்தனை நாள், பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று பெரியவர்கள் குறைத்துக்கொண்டீர்கள்? எத்தனை நாள் ஒரு நேரச் சாப்பாட்டை விட்டீர்கள்? ஐந்தே கேள்வி. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே புள்ளி இல்லை. மலிவான உணவுக்கு மாறினால் நாளுக்கு ஒரு புள்ளி. கடன் கேட்டால் இரண்டு. பிள்ளைகளுக்காகப் பெரியவர் குறைத்தால் மூன்று. வேறெந்தக் கேள்விக்கும் அத்தனை பாரம் இல்லை. 2022 நடுப்பகுதியில் இலங்கையில் பத்து வீட்டில் மூன்று வீட்டுக்குப் போதிய உணவு நிச்சயமில்லை என்று உலக உணவுத் திட்டம் சொன்னபோது, இப்படிப்பட்ட கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களும் அந்தக் கணக்குக்குள் இருந்தன.

அந்த ஐந்து கேள்வியையும் உரும்பிராய் அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன். முதல் மூன்றுக்கும் உடனே பதில் வந்தது. கொப்பியைப் புரட்டி நாள்கூடச் சொன்னார். நான்காவதுக்கு, "அப்பிடி ஒண்டும் இல்லை" என்றார். அடுப்படியில் நின்ற மகள் திரும்பிப் பார்த்து, "அம்மா எப்பவும் பிறகுதானே சாப்பிடுறவ" என்றாள். அக்கா, "அது பழக்கம், அது குறைக்கிறதில்லை" என்றார். பிறகு சாப்பிடுகிறவருக்குச் சட்டியில் என்ன இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மீன் துண்டுகளில் வால் பக்கம். குழம்பில் கத்தரிக்காய்க் காம்பு. சோறு கிடக்கும், சோற்றுக்குக் குறைவில்லை. குறைவது புரதமும் இரும்பும். கேள்விக்கொத்து மூன்று புள்ளி கொடுக்கும் இந்த நான்காவது விஷயத்துக்கு இங்கே பெயரே இல்லாததால், அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. வீட்டுச் செலவைக் குறைப்பது எப்படி என்று பத்திரிகைகளில் வரும் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். மொத்தமாக வாங்குங்கள், வீட்டிலேயே தூள் இடியுங்கள், மா வறுத்து இடியுங்கள், மாலைச் சந்தைக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் மிச்சமாவது காசு, செலவாவது ஒரு பெண்ணின் நேரம். யாழ்ப்பாணத்துத் தூளைக் கடையில் வாங்குகிறவளைச் சோம்பேறி என்று சொல்கிற மாமிமாரும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். கூலி வேலைக்கோ தையலுக்கோ போகிற பெண்ணுக்கு ஒரு மணி நேரம் என்பது காசு.

வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில், "விலைவாசி குறைஞ்சிட்டுதாமே மாமி, நியூஸில சொன்னாங்கள்" என்று கேட்கிறார்கள். நியூஸ் பொய் சொல்லவில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். 2024 செப்டம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே, மறை 0.5 வீதம். இதில் சிக்கல் என்னவென்றால், அந்த 94.9 சொல்வது ஓர் ஆண்டுக்குள் 100 ரூபாய் உணவு 195 ரூபாய் ஆனதை. அதன் பிறகு பணவீக்கம் பூச்சியம் என்றால் 195 ரூபாய் 195இலேயே நிற்கிறது என்றுதான் பொருள். ஏறுவது நின்றது, இறங்கி வரவில்லை. மேசனின் நாட்கூலி கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆசிரியரின் சம்பளம் பின்தங்கி வந்தது. வங்கி வட்டியில் சீவித்த ஓய்வூதியக்காரர் எங்கேயும் வரவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. அந்த ஆண்டு டிசம்பரில் அரிசி தட்டுப்பட்டு, நாட்டரிசிக்குக் கிலோ 230 ரூபாய் என்று உச்ச விலை போட்டு, இறக்குமதிக்கும் வழி திறந்தார்கள். கொழும்பு வீட்டுக் கூடையில் என்ன இருக்கிறதோ தெரியாது. குடாநாட்டு வீட்டுக் கூடையில் சிவப்புப் புழுங்கலரிசி, தேங்காய், சின்ன வெங்காயம், மீன். இந்த நாலும் விலைப்பட்டியல் பார்த்து ஏறி இறங்குவதில்லை.

மாதாமாதம் வெளிநாட்டுக் காசு வரும் வீடும் வராத வீடும் ஒரே ஒழுங்கைக்குள் இருக்கின்றன. மீன்காரரின் சைக்கிள் முதலில் எந்தப் படலையில் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விளைமீனும் பாரையும் அங்கே இறங்கிவிடும். வராத வீட்டுக்கு வரும்போது பெட்டியில் சூடையும் கொஞ்சம் நெத்தலியும். அதில் ஒன்றும் குறைவில்லை என்பதைச் சொல்லிவைக்க வேண்டும்: முள்ளோடு சாப்பிடும் சின்ன மீனில் சுண்ணாம்புச் சத்து, பெரிய மீனின் சதைத் துண்டில் இருப்பதைவிடப் பல மடங்கு. சூடையைத் துப்புரவாக்கி வெட்டுவதுதான் வேலை. ஒரு பாரைத் துண்டுக்கு இரண்டு நிமிடம். அரைக் கிலோ சூடைக்கு முக்கால் மணி. மறுபடியும் அதே நேரக் கணக்குத்தான்.

உரும்பிராய் வீட்டில் இந்த ஆண்டு ஒரு சின்ன மாற்றம் நடந்திருக்கிறது. அதை நான் கண்டுபிடித்த தீர்வாகச் சொல்லவில்லை, அவர்களாகச் செய்தது. ஒழுங்கையில் மூன்று வீடு சேர்ந்து 25 கிலோ அரிசி மூட்டையும் முப்பது முட்டை அட்டையும் ஒன்றாக வேண்டுகிறார்கள். அரிசியில் கிலோவுக்குச் சில ரூபாய்தான் மிச்சம். அதற்காக மட்டும் என்றால் இந்தச் சோலி தேவையில்லை. முட்டையில்தான் விஷயம் இருக்கிறது. அட்டை வாரத்துக்கு ஒன்று, வீட்டுக்குப் பத்து. முதல் இரண்டு வாரமும் அக்கா வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் அப்பாவுக்கும் என்று பத்தும் போய்விட்டது. மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டு ஆச்சி, தாதியாக வேலை பார்த்து ஓய்வெடுத்தவர், பிரித்துக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாராம்: "பத்து எண்டா ஆளுக்கு ரெண்டு. உன்ர ரெண்டையும் நீ திண்டனி எண்டு இவள் சின்னவள் வந்து எனக்குச் சொல்லவேணும். இல்லாட்டி அடுத்த கிழமை எட்டுத்தான்." சின்னவள் அந்த வேலையைக் கண்டிப்பாகச் செய்கிறாள். தேங்காய் துருவுவது இப்போது பெரியவன் பொறுப்பு. முதல் வாரம் சிரட்டையும் சேர்ந்து துருவி வந்ததாம், பரவாயில்லை. விறகு கொத்துவது தகப்பன்.

கொப்பியைத் திரும்பவும் பார்த்தேன். பால்மா திரும்பி வந்திருக்கிறது, மாதம் ஒன்று. 'முட்டை 10' என்பதற்குப் பக்கத்தில் 2, 2, 2, 2, 2 என்று பென்சிலால் சின்னவளின் கையெழுத்து. மூன்றாவது கப்பிப்பால் மட்டும் இன்னும் நிற்கவில்லை. தேங்காய் 150க்கு வந்தால் நிறுத்துவேன் என்கிறார் அக்கா. நான் இதை எழுதும் வாரத்தில் அது வரவில்லை.

அடுத்த வாரம்: பாண். வெதுப்பகத்தில் ஒரு இறாத்தல் பாணின் நிறை எப்போது, எப்படிக் குறைந்தது என்று பார்ப்போம். வீட்டில் தராசு இருப்பவர்கள் ஒரு பாணை நிறுத்துப் பார்த்து, வாங்கிய இடத்தின் பெயரை விட்டுவிட்டு, நிறையையும் விலையையும் மட்டும் எழுதி அனுப்புங்கள்.